கஞ்சிப் பானையும் தோபா ஏரியும்

காடேக் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டு வந்த மாமா, கிளேபாங் கடற்கரை ஒட்டுக்கடையில் தே தாரிக் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "தண்ணி இவ்வளவு சூடா வருதுன்னா, நம்ம காலுக்குக் கீழேயும் எரிமலை இருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லை மாமா. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு 25, 30 டிகிரி கூடும். அங்கே சூடேறிய தண்ணீர் இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. அலோர் காஜா பக்கம் நடப்பது அவ்வளவுதான்.

எரிமலை வேண்டுமென்றால் கடலைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள். நீரிணைக்கு அந்தப்புறம் சுமத்ரா. அதன் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலத்தட்டு சுமத்ராவுக்கு அடியில் நுழைகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் போனதும், அது சுமந்துபோன நீர் மேலுள்ள சுடுபாறையில் கலக்கிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். உருகியது மேலே ஏறிவரும் வரிசையில்தான் புக்கிட் பாரிசான் எரிமலைகள் நிற்கின்றன. நாம் அந்த வரிசைக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறோம். 2009இல் பாடாங்கில் நிலம் நடுங்கியபோது நம் தீபகற்பத்து அடுக்குமாடிகள் ஆடினவே, அந்த ஆட்டம்தான் நமக்கு வரும் பங்கு.

'எரிமலை' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். அங்கே விறகு மாதிரி எதுவும் எரிவதில்லை. உருகிய பாறைக்குள் கரைந்திருக்கும் நீராவியும் வாயுவும் வெளியே வர வழி தேடுகின்றன. கஞ்சி காய்ச்சும்போது பாருங்கள். நீர்த்திருக்கும்வரை குமிழி வரும், உடையும், யாருக்கும் தொந்தரவில்லை. ஹவாய் எரிமலைகளின் பாறைக்குழம்பு இந்த ரகம். கஞ்சி இறுகிவிட்டால் குமிழி சிரமப்பட்டு மேலே வந்து, பொளக்கென்று வெடித்துக் கையைச் சுடும். சிலிக்கா கூடக்கூடப் பாறைக்குழம்பும் அப்படி இறுகும். சுமத்ராவில் அதுதான் அதிகம். சுமார் 400 ஆண்டு சத்தமில்லாமல் கிடந்த சினாபோங் 2010இல் விழித்துக்கொண்டது.

இந்தப் பானைகளில் பெரியது தோபா. கிளேபாங்கிலிருந்து ஏறக்குறைய நேர் மேற்கே, 400 கிலோமீட்டர் தூரத்தில். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது கக்கிய குழம்பு 2,800 கன கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 1883இல் கிரக்கத்தாவ் வெடித்த சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. அது கக்கியதோ தோபாவில் நூற்றில் ஒரு பங்கு தேறாது.

பானை காலியானதும் மேல்கூரை உள்ளே விழுந்தது. குழாய் உடைந்து மண் கரைந்தால் ரோடு திடீரென்று உள்வாங்குமே, அந்த மாதிரி; ஆனால் 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஏரியானது. பிறகு அடியில் மறுபடி குழம்பு சேர்ந்து தரையைத் தள்ளியதில் எழும்பியதுதான் நடுவில் இருக்கும் சமோசிர் தீவு.

"நம்ம பக்கம் ஒண்ணும் வரலையா?"

வராமலா? காட்டுத்தீப் புகைமூட்டமே நீரிணையைத் தாண்டி வருகிறது. ஆனால் மழை பெய்தால் புகை போய்விடும், தோபாவின் சாம்பல் போகவில்லை. சாம்பல் என்பதும் தப்பான பெயர்தான். உங்கள் தே தாரிக் மேல் நிற்கிறதே நுரை, அது கல்லாக இறுகி, பொடிப்பொடியாக உடைந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கண்ணாடித் துகள்தான் இது. பேராக், லெங்கோங் பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் என்றொரு இடம். ஆதிமனிதர்கள் அங்கே கல்லாயுதம் செய்திருக்கிறார்கள். தட்டிய கல், தாங்கிய கல், தெறித்த சில்லு எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, மேலே தோபாச் சாம்பல். 2012இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபிடமாக அறிவித்தது.

சாம்பல் வங்காள விரிகுடாவையும் தாண்டியது. ஆந்திராவின் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்த அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரிக் கல்லாயுதங்கள் கிடைத்ததாக 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தோபா மனித குலத்தையே துடைக்கப் பார்த்தது என்ற பயங்கரக் கதையை நான் அவ்வளவாக நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஊரில் சாம்பலைத் தோண்டி எடுத்து விற்கிறார்கள், பாத்திரம் தேய்க்கும் தூளுக்கு.

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "எஸ்டேட்ல எங்கம்மா அடுப்புச் சாம்பல்லதான் தேய்ப்பாங்க. இது கண்ணாடின்னு சொல்றியே, சட்டியெல்லாம் கீறிடாது?"