ஃபிரீசருக்கு எந்தப் பிளக் பாயின்ட்?

தேவதானப்பட்டியில் உங்கள் மாமா வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. மாம்பழக் காலம் முடிந்த பிறகும் விற்கலாம் என்று, பழக்கூழை உறைய வைப்பதற்காக மாமா பெரிய ஃபிரீசர் ஒன்று வாங்கிவிட்டார். வீட்டுக்குள் இடமில்லை. தோட்டத்துக் கடைசியில் தகரக் கூரை போட்ட கார் ஷெட்டில் இறக்கி வைத்தாயிற்று. இனி பிளக்கைச் செருக வேண்டியதுதான். எங்கே செருகுவது?

மூன்று வழிகள் தெரிகின்றன. ஷெட்டில் விளக்குக்கான பலகையில் ஒரு சிறிய 6 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது. தண்ணீர் மோட்டார் ஓடும் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் வேண்டாமென்றால், சமையலறையிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவரலாம். மாமா உங்களைப் பார்த்து, "நீதான் பத்தாம் வகுப்பில் மின்சாரம் படிக்கிறாயே, எது நல்லது, சொல்லு பார்க்கலாம்" என்கிறார்.

விடை சொல்வதற்கு உங்கள் பாடநூலில் உள்ள ஓம் விதியும், ஜூல் விதியும் ஏறக்குறையப் போதும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீளமான வயர் என்ன செய்யும்?

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், லோயர் கேம்பில், பெரியாற்று நீர் மலையிலிருந்து குழாய்களில் இறங்கி மின் உற்பத்தி இயந்திரங்களைச் சுழற்றுகிறது. அங்கும் இன்னும் பல நிலையங்களிலும் பிறக்கும் மின்சாரம் ஒன்றாகக் கலந்து, எத்தனையோ கிலோமீட்டர் கடந்து நம் தெருவுக்கு வருகிறது. அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்த மின்சாரம், கடைசி முப்பது மீட்டரில் தடுமாறுவது உண்டு.

எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 30 மீட்டர் என்றால், மின்னோட்டம் போவதற்கு 30, திரும்புவதற்கு 30, ஆக 60 மீட்டர் தாமிரக் கம்பி. மலிவான வயரில் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர் இருக்கும். தாமிரத்தின் தன்மின்தடையைக் கொண்டு கணக்கிட்டால், இதன் தடை ஏறக்குறைய 1.36 ஓம் என்று வரும்.

ஃபிரீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது சுமார் 1.5 ஆம்பியர்தான். ஆனால் அதன் கம்பிரசர் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் வேண்டும். 8 ஆம்பியர் என்று கொள்வோம். 8 ஐ 1.36 ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 11 வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. மாலையில் தெருவில் எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும் நேரத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190 வோல்ட்தான் இருக்கிறது என்றால், ஃபிரீசருக்குக் கிடைப்பது 179 வோல்ட்.

மோட்டார் சுழலத் தொடங்கும் விசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 179 ஐ 230 ஆல் வகுத்து, வந்த விடையை இருமடி ஆக்கினால் சுமார் 0.6. அதாவது, வழக்கமான விசையில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும், சூடேறும், பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்தும், சற்று ஆறிய பின் மறுபடி முனகும். இப்படிச் சில நாள் நடந்தால் சுருள் கருகிவிடும்.

இதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை நிலையாகப் பதித்தால் தடை 0.41 ஓம்தான். வீணாகும் மின்னழுத்தம் மூன்று வோல்ட்டைச் சற்றே தாண்டும். ஆகவே எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. மழையில் நனைவதும், எலி கடிப்பதும், கால் தடுக்குவதும் தனிக் கதை.

மோட்டாரோடு கூட்டுச் சேர்ந்தால்?

அடுத்தது, தண்ணீர் மோட்டாருக்கான 16 ஆம்பியர் பாயின்ட். பார்வைக்குத் தடிமனாக, நம்பிக்கை தருவதாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகித்தான் ஃபிரீசரையும் சேர்க்க முடியும்.

பல ஆண்டுகள் செருகிச் செருகி எடுத்த பாயின்டில் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிகள் தளர்ந்திருக்கும். பிளக்கின் முனை முழுவதும் தொடாமல் ஓரிடத்தில் மட்டும் தொடும். அந்த இடத்தில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். ஃபிரீசர் மட்டும் ஓடினால், 1.5 ஆம்பியரின் இருமடியை அரை ஓமால் பெருக்க, சுமார் ஒரு வாட் வெப்பம் உண்டாகும். பெரிய கெடுதல் இல்லை. ஆனால் 6 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் மொத்தம் 7.5 ஆம்பியர்; வெப்பம் 28 வாட்! ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் திறன் 25 வாட்தான். ஒரு கடலைப் பருப்பு அளவுள்ள இடத்தில் அவ்வளவு வெப்பம் வந்தால் பிளாஸ்டிக் உருகிக் கருகுவதில் வியப்பில்லை. மின்னோட்டம் ஐந்து மடங்கானால் வெப்பம் இருபத்தைந்து மடங்காகும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

எனவே மோட்டாரோடு கூட்டும் வேண்டாம். மீதி இருப்பது விளக்குப் பலகையின் சிறிய பாயின்ட். 1.5 ஆம்பியருக்கு 6 ஆம்பியர் பாயின்ட் போதாதா? மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் ஃபிரீசரின் பெரிய மூன்று முனைப் பிளக் அதில் நுழையாது. "இரண்டு முனை உள்ள அடாப்டரை மாட்டிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

மூன்றாவது முனை எதற்கு?

மூன்று முனைகளில் பருத்து நீண்டிருப்பது எர்த் முனை. ஃபிரீசரின் இரும்பு உடலை அது நிலத்தோடு இணைக்கிறது. உள்ளே ஒரு கம்பியின் உறை பிய்ந்து ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் எர்த் வழியே நிலத்துக்குப் போய்விட வேண்டும். எர்த் முனை இல்லாத அடாப்டரில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஃபிரீசர் வழக்கம்போல் குளிரும். ஆனால் அதன் கதவில் 230 வோல்ட் காத்திருக்கும்.

ஷெட்டின் சிமென்ட் தரை மழைக்காலத்தில் ஈரமாக இருக்கும். மாமாவின் மகள் வெறுங்காலோடு, நனைந்த கையோடு கதவைத் திறக்கிறாள். ஈரமான உடலின் தடை 1500 ஓம் என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் சுமார் 150 மில்லியம்பியர். நெஞ்சின் வழியே 30 மில்லியம்பியருக்கு மேல் சில நொடிகள் பாய்ந்தாலே இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட்டுவிடக்கூடும். இது அதைப்போல ஐந்து மடங்கு.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.15 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது வயரைக் காக்கப் பிறந்தது. மனிதரைக் காக்க அன்று. எர்த் இருந்தாலும்கூட எம்.சி.பி.யை முழுவதும் நம்ப முடியாது. கோடையில் எர்த் குழி வறண்டு அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டால், 230 ஐ 20 ஆல் வகுக்க 11.5 ஆம்பியர்தான் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாமல் நிற்கும். எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

மனிதரைக் காக்கும் கருவி வேறு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய வழக்கப்படி ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் அதனுள் ஒரு காந்த வளையத்தின் ஊடே செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பினால், இரண்டின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பகுதி யாருடைய உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ நிலத்துக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். 30 மில்லியம்பியர் வித்தியாசம் வந்தாலே, 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கடைக்காரர் இருட்டுவதற்குள் வரவு செலவைச் சரிபார்ப்பதுபோல, இது ஒவ்வொரு கணமும் மின்னோட்டத்தின் வரவு செலவைச் சரிபார்க்கிறது.

நல்லவனும் தொல்லை தருவான்

இங்கே ஒரு சிக்கல். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஃபிரீசரை அந்த ஈ.எல்.சி.பி. இல்லாத லைனில் போடுங்கள் அண்ணே. அது சும்மா சும்மா விழும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் விழுந்தால் கூழெல்லாம் போச்சு" என்கிறார்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கருவிகளிலும் ஓரிரு மில்லியம்பியர் கசிவு இருக்கலாம். பல வீடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி.தான் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரம், கிரைண்டர், வெந்நீர் ஹீட்டர், நனைந்த வெளி விளக்கு எனக் கசிவுகள் எல்லாம் கூடி எல்லையைத் தொட்டால், தவறே செய்யாத ஃபிரீசரும் சேர்ந்து நின்றுவிடும். ஷெட்டில் இருப்பதால் யாருக்கும் தெரியாது.

ஆனால் அவர் சொல்லும் தீர்வு தவறு. கூழ் கெட்டால் பணம் போகும். ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் உயிர் போகலாம். காவல்காரன் அடிக்கடி குரல் கொடுக்கிறான் என்பதற்காக அவனை வேலையை விட்டு நீக்குவார்களா? அவனுக்குச் சரியான இடத்தைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே மாமாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது நான்காவது வழி. மெயின் பலகையிலிருந்து ஃபிரீசருக்கென்றே தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி. எர்த்துடன் கூடிய புதிய 16 ஆம்பியர் பாயின்ட். அந்த லைனுக்கு மட்டும் ஆர்.சி.பி.ஓ. என்னும் கருவி. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே பெட்டியில் அமைந்தது அது. வீட்டின் பொது ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே இந்த லைன் பிரிந்துவிட வேண்டும். அப்போது கிரைண்டரின் தவறுக்கு ஃபிரீசர் தண்டனை பெறாது. அப்படியும் அது விழுந்தால், ஃபிரீசரிலோ அதன் வயரிலோதான் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். பாயின்ட் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், சாரல் படாத சுவரில் இருக்கட்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். நீங்கள் பலகையைத் திறக்கக் கூடாது.

தெரியாமல் நிற்பதே பெருந்தீங்கு

இவ்வளவு செய்தும் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில், ஃபிரீசரில் வைத்திருந்த சுமார் 1,900 கொரோனா தடுப்பூசி மருந்தளவுகள் வீணாயின. காரணம், சுத்தம் செய்தபோது பிளக் தளர்ந்துவிட்டது. எச்சரிக்கை மணி இருந்தும், அது உரியவர்களை உஷார்ப்படுத்தவில்லை. அரிய மருந்தைக் கெடுத்தது ஒரு தளர்ந்த பிளக்!

நம் நாட்டில் 1985 இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்கான குளிர்பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டெபிலைசர் வைப்பது வழக்கம். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்து வைப்பதும் வழக்கம். விலை உயர்ந்த கருவியைவிட, நாளுக்கு இருமுறை பார்க்கும் கண்களே பெரிய பாதுகாப்பு.

மாமாவும் அதைச் செய்யலாம். ஃபிரீசர் லைனிலிருந்து சமையலறைக்கு ஒரு சிறிய இண்டிகேட்டர் விளக்கு வைக்கச் சொல்லுங்கள். அது அணைந்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவகாசம் நிறைய உண்டு. 20 கிலோ பனிக்கட்டி உருக 6,680 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மூடிய பெட்டிக்குள் நொடிக்கு 40 ஜூல் வெப்பம் புகுவதாகக் கொண்டால், முழுவதும் உருக 46 மணி நேரம் ஆகும். சர்க்கரை கலந்த கூழ் இதற்கு முன்பே இளகத் தொடங்கும் என்றாலும், மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். மின்சாரம் திரும்பியதும் கம்பிரசர் உடனே ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கச் செய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் இன்னும் நல்லது.

நீங்களே செய்யுங்கள்

வெளியூர் போகும்போது செய்ய ஒரு எளிய சோதனை. ஒரு டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் உறைய வையுங்கள். உறைந்ததும் அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்து பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. டம்ளரின் அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது மின்சாரம் நெடுநேரம் நின்று, பனிக்கட்டி உருகி, மறுபடியும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கூழை யாரும் உண்ணக் கூடாது.

நம்பத்தக்க பிளக் பாயின்ட் என்பது ஒருபோதும் துண்டிக்காத பாயின்ட் அன்று. துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டித்து, துண்டித்ததை நமக்குத் தெரிவிக்கும் பாயின்டே அது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எதில் செருகப்பட்டிருக்கிறது? இன்றே போய்ப் பாருங்கள். தொட வேண்டாம், பார்த்தால் போதும்.