மாற்றத்திற்கு வழிகாட்டும் கதைகள்

காலத்திற்கேற்ப மாறாத நிறுவனம் நிலைத்து நிற்பது கடினம். ஆயினும், மாற்றம் என்றதும் ஊழியர்கள் பலர் தயங்குவர். பழகிப்போன வேலைமுறையைக் கைவிட எளிதில் யாருக்கும் மனம் வராது. சுற்றறிக்கைகளும் புள்ளிவிவரங்களும் இந்தத் தயக்கத்தை எப்போதும் போக்கிவிடுவதில்லை. அவற்றால் முடியாததை ஓர் உண்மைக் கதை சாதித்த நிகழ்வுகள் உண்டு.

1984ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவின் சிங்தாவ் நகரில் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றுக்கு ஜாங் ருய்மின் என்பவர் பொறுப்பேற்றார். மறு ஆண்டு, தாம் வாங்கிய பெட்டி பழுதாக இருப்பதாக வாடிக்கையாளர் ஒருவர் முறையிட்டார். உடனே கிடங்கிலிருந்த ஏறத்தாழ 400 பெட்டிகளும் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 76 பெட்டிகளில் குறைகள் இருந்தன. அவற்றைக் குறைந்த விலையில் ஊழியர்களுக்கே விற்றுவிடலாம் என்று சிலர் கூறினர். அக்காலத்தில் ஒரு பெட்டியின் விலை, ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டாண்டுச் சம்பளத்திற்குச் சமம். எனவே, அந்த யோசனை பலருக்கும் நியாயமாகவே பட்டது.

ஜாங் அதனை ஏற்கவில்லை. குறையுள்ள பொருளை இன்று விற்க அனுமதித்தால், நாளையும் குறையுள்ள பொருளே உருவாகும் என்பது அவரது எண்ணம். 76 பெட்டிகளையும் அனைவர் முன்னிலையிலும் சம்மட்டியால் உடைக்குமாறு ஆணையிட்டார். அவற்றைச் செய்தவர்களே உடைக்க வேண்டும் என்றார். முதல் அடியைத் தாமே அடித்தார்.

‘தரம் முக்கியம்’ என்று ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தால் ஊழியர்கள் அதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பார்கள். தங்கள் கையாலேயே தங்கள் உழைப்பை உடைத்ததை அவர்களால் மறக்க முடியவில்லை. அதன்பின் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை, கதையாகத்தான் கேட்டார்கள். எனினும், குறையோடு ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது என்பது அவர்களுக்கும் விளங்கியது. 1988இல் அத்தொழிற்சாலை தரத்திற்காகச் சீனாவின் தேசியத் தங்க விருதைப் பெற்றது. இன்று அது ‘ஹையர்’ என்னும் பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது. அந்தச் சம்மட்டி சீனாவின் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஜாங் தொழிற்சாலையின் தலைவர். அவரால் ஆணையிட முடிந்தது. அத்தகைய அதிகாரம் இல்லாதவர்களுக்கும் கதை கைகொடுக்கும். உலக வங்கியில் பணியாற்றிய ஸ்டீபன் டென்னிங்கின் அனுபவம் இதற்குச் சான்றாகும். உலக வங்கி, வளரும் நாடுகளின் மேம்பாட்டுக்குக் கடன் வழங்கும் அமைப்பாகும். சுகாதாரம், கல்வி, வேளாண்மை எனப் பல துறைகளிலும் அதன் ஊழியர்கள் பெற்றிருந்த அறிவு ஏராளம். ஆனால், அந்த அறிவு ஆங்காங்கே சிதறிக் கிடந்தது. அதனைத் திரட்டி உலகோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 1996இல் டென்னிங் வலியுறுத்தினார். விளக்கப்படங்களைக் காட்டினார், காரணங்களை அடுக்கினார். செவிடன் காதில் ஊதிய சங்குபோல் அவரது முயற்சி பயனற்றுப் போனது.

பின்னர், அவர் ஓர் உண்மை நிகழ்வைக் கூறத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில், தலைநகரிலிருந்து 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கமானா என்னும் சிற்றூரில் சுகாதார ஊழியர் ஒருவர் இருந்தார். மலேரியாக் காய்ச்சலுக்கான சிகிச்சை குறித்து அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவர் இணையத்தின் வழி, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினுடைய அகப்பக்கத்திற்குச் சென்று விடையைக் கண்டறிந்தார்.

கதை இவ்வளவுதான். அதன் முடிவில் டென்னிங் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வறிய நாடுகளின் சிக்கல்களைப் பற்றி நிறைய அறிந்திருந்தும், அந்நிகழ்வில் உலக வங்கிக்கு இடமே இல்லை. கேட்டவர்கள் சிந்திக்கத் தொடங்கினர். ‘நம்மிடம் உள்ள அறிவு ஏன் அவரைச் சென்றடையவில்லை? அதற்கு என்ன செய்யலாம்?’ என்று அவர்களே வினவினர். 1996ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், உலக வங்கி ஓர் ‘அறிவு வங்கி’யாகவும் செயல்படும் என்று அதன் தலைவர் ஜேம்ஸ் வுல்பென்சன் அறிவித்தார்.

இத்தகைய கதைகளை டென்னிங் தாவுபலகைக்கு ஒப்பிட்டார். பலகை உயர எழும்ப உதவும். தாவ வேண்டியவர் அதன்மேல் நிற்பவரே. அதுபோல, மாற்றத்தை ஏற்படுத்தும் கதை சுருக்கமாக இருக்கும். அதில் வருபவர் கேட்போரைப் போன்ற எளிய மனிதராக இருப்பார். எல்லாவற்றையும் விளக்கிவிடாமல், கேட்போரின் சிந்தனைக்கும் அது இடம் வைக்கும். பிறர் திணித்த முடிவை மனிதர்கள் எதிர்ப்பார்கள்; தாமே சிந்தித்துக் கண்ட முடிவுக்காக உழைப்பார்கள்.

இந்த ஆற்றலைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். இல்லாத வெற்றியை இருப்பதாகப் புனைந்து கூறினால், உண்மை வெளிப்படும் நாளில் ஊழியர்கள் கதையை மட்டுமன்றிக் கூறியவரையும் நம்பமாட்டார்கள். சொல் ஒன்று, செயல் வேறு என்றாலும் இதே நிலைதான். ஜாங் 76 பெட்டிகளை உடைத்துவிட்டு, 77ஆவது பழுதான பெட்டியை விற்றிருந்தால் அந்தச் சம்மட்டியின் கதை கேலிக்கதையாகியிருக்கும்.

இந்த உண்மை பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிக் கூட்டுறவுக் கடையை நடத்தும் மாணவர் குழுவில், ‘கணக்கைச் சரியாக எழுதுங்கள்’ என்று தலைவர் பலமுறை கூறியும் பயனில்லாமல் போகலாம். கணக்கு எழுத மறந்ததால், பணத்தை எடுத்தவர் என்று தவறாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு மாணவரின் உண்மை அனுபவத்தை ஒருமுறை கூறினால் போதும். அடுத்த நாள் கணக்கேட்டைத் திறப்பவரின் கையில் தானாகவே கவனம் வந்துவிடும். அதன் பிறகு தலைவரும் தம் பங்குக் கணக்கைத் தவறாமல் எழுத வேண்டும். அப்போதுதான் அந்தக் கதை அக்குழுவில் நிலைத்து நிற்கும்.