கத்தரிக்கோலால் ஓவியம்: குழந்தைகளுக்கு மத்தீஸ்

புகழ்பெற்ற ஓவியர்களைச் சிறு குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்த விரும்புவோர் பலரும் ஓவியத்தின் அச்சுப்படியை முன்னால் வைத்து அதைப் பார்த்து வரையச் சொல்கின்றனர். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது எட்டாத வேலையாதலால், தனக்கு வரையத் தெரியாது என்ற எண்ணமே அதன் மனத்தில் ஊன்றிவிடுகிறது. ஓவியர் எப்படி வேலை செய்தாரோ அந்த முறையைக் குழந்தையின் கைக்குக் கொடுப்பதே பயன் தரும். அதற்குப் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் (1869–1954) இறுதிக்காலப் படைப்புகள் மிகவும் ஏற்றவை.

1941இல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் மத்தீஸின் உடல் மிகவும் தளர்ந்தது. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் பெரும்பொழுதைக் கழித்த அவர், குவாஷ் எனப்படும், அடித்தளம் தெரியாதபடி மூடும் நீர்வண்ணத்தை உதவியாளர்கள் பூசித் தந்த தாள்களைக் கத்தரித்து, அத்துண்டுகளைச் சுவரில் பொருத்தவைத்து, மனம் நிறையும்வரை இடம் மாற்றச் செய்தார். 1953இல் உருவான ‘நத்தை’ அவ்வாறு பிறந்ததே. ஏறத்தாழ 2.87 மீட்டர் சதுரமான அப்படைப்பு இன்று லண்டனின் டேட் அருங்காட்சியகத்துக்கு உரியது.

வகுப்பிலும் இதே வரிசையைப் பின்பற்றலாம். கடையில் விற்கும் வண்ணத்தாளை வாங்கித் தருவதைவிட, வெள்ளைத் தாளில் போஸ்டர் கலரைக் குழந்தைகளே பூசி உலரவைப்பது நல்லது. ‘நத்தை’யிலும் தூரிகைத் தடங்கள் தெரிகின்றன. மறுநாள், பென்சிலால் கோடு போடாமல், முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நேரடியாக வெட்ட வேண்டும். வளைவு வரும் இடத்தில் கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பக் கற்றுக்கொடுத்தால், திக்கித்திக்கி வெட்டிய குழந்தையும் சற்று நேரத்தில் இலை, அலை என்று வழவழப்பாக வெட்டத் தொடங்கிவிடும். உருவத்தை எடுத்தபின் எஞ்சும் ஓட்டைத் தாளும் ஒரு வடிவமே என்பதால், அதைக் குப்பையில் போடக்கூடாது.

பசையை உடனே தராமல் இருப்பதுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி. ஒட்டாத துண்டுகளை நகர்த்தும்போதுதான், சிவப்பை அடுத்துப் பச்சையும், நீலத்தை அடுத்து ஆரஞ்சும் வந்தால், அதாவது ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் எதிர்நிறங்கள் அருகருகே அமைந்தால், இரண்டும் பளிச்சிடுவதைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது. ‘நத்தை’யின் படத்தை அதன்பிறகே காட்டலாம், அப்போது சதுரங்களும் நாற்கோணங்களும் சுருண்டு நத்தையாவதைக் குழந்தைகள் சொல்லித்தராமலே கண்டுபிடிப்பார்கள். கத்தரிக்கோல் இன்னும் பழகாத மூன்று வயதுக் குழந்தைகள் தாளைக் கையால் கிழித்தே இதைச் செய்யலாம்.