ஒரு கணினியில் இரு பணிசெயல் முறைமைகள்: தொடக்க உரிமை பற்றிய சில குறிப்புகள்

வீட்டிலுள்ள ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகளை நிறுவிக்கொள்ளுதல் பெரும்பாலும் கைத்திறன் சார்ந்த ஒரு காரியமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. எதை முதலில் நிறுவ வேண்டும், வன்தட்டில் எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பன போன்ற வினாக்களுடன் அது பற்றிய விளக்கங்கள் நின்றுவிடுகின்றன. அவ்வினாக்கள் தேவையற்றவை அல்ல. ஆயின் அவற்றுக்குரிய விடைகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, விலைகொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவருக்குள்ள உரிமை எத்தகையது என்ற பிரச்சினை முன்னெழுகின்றது. இக்கட்டுரை அப்பிரச்சினையையே கருத்திற்கொள்கின்றது.

அண்மைக்காலத்தில் இது கூர்மையடைந்தமைக்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும் ஒப்பீட்டளவிற் புதிய செயலியும் உள்ள இயந்திரங்களையே ஏற்கின்றது. இதனால் எவ்விதப் பழுதுமின்றி இயங்கிக்கொண்டிருந்த பெருந்தொகையான கணினிகள் ஒரே நாளில் வழக்கொழிந்தவையாயின. பொருளின் பயன்பெறுமதி குன்றாதிருக்க, அதன் ஆயுளை உற்பத்தியாளர் முடித்துவைக்கும் இந்நிலையிலேயே பலர் லினக்ஸ் முறைமையை நாடுகின்றனர்.

எனினும் பழையதை முற்றாகத் துறத்தல் எளிதன்று. இலங்கையில் தமிழில் எழுதுவோருக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். யுனிகோட் பரவுதற்கு முன்னர் பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்த நூல்களும் மலர்களும் ஆய்வேடுகளும் நம்மிடையே ஏராளம். அவற்றின் எழுத்துகளை யுனிகோட்டுக்கு மாற்றிவிடலாம். ஆயின் பக்க அமைப்போடு அவற்றைத் திறந்து திருத்துவதற்கு விண்டோஸில் மாத்திரம் இயங்கும் பழைய மென்பொருள்கள் வேண்டும். பதினைந்து ஆண்டு உழைப்பு அவ்வடிவில் உறைந்துகிடக்கையில், புதிய முறைமையின் மேன்மை பற்றிப் பேசுவதால் மாத்திரம் பயன் விளைவதில்லை. ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதாகின்றது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளிலே பங்குக் கிணற்று முறை உண்டு. ஒரே கிணற்றுக்குப் பலர் பங்காளிகள். இன்று ஒருவர் இறைத்தால் நாளை மற்றவர் இறைப்பார். ஒரு கணினியில் இரு முறைமைகள் இருத்தலும் இத்தகையதே. நினைவகமும் செயலியும் திரையும் பொதுவானவை. ஆனால் ஒரு வேளையில் ஒன்றே அவற்றை ஆளும். மார்க்சிய வாசகர் சிலருக்கு 1917இல் ரஷ்யாவில் நிலவிய இரட்டை அதிகாரம் இங்கு நினைவுக்கு வரக்கூடும். அவ்வொப்புமை பொருந்தாது. அங்கு இரு அதிகாரங்கள் ஒரே வேளையில் விழித்திருந்து மோதின. இங்கு ஒன்று விழித்திருக்கையில் மற்றது துயில்கின்றது. யார் விழிப்பது என்பதைத் தீர்மானிக்கும் கணமே இங்கு முக்கியமானது.

அக்கணத்தை நுணுகி நோக்குதல் வேண்டும். கணினியின் ஆளியை அழுத்தியதும் பணிசெயல் முறைமை நேரே எழுவதில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிறு நிரல் முதலில் விழித்து, வன்தட்டின் தொடக்கத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது எனப் பார்க்கின்றது. 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எக்ஸ்.ரி. கணினியுடனும் டொஸ் 2.0 உடனும் வந்த ஏற்பாட்டின்படி, தட்டின் முதற் கூறு 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு. 64 பைட் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு. எஞ்சிய 2 பைட் அடையாளக் குறிக்கு. அட்டவணையில் நான்கு பிரிவுகளுக்கே இடமுண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் உலகின் தனியாள் கணினிகளிற் பெரும்பாலானவை இந்த 446 பைட்டின் வழியாகவே விழித்தெழுந்தன.

பிரிவுகள் நான்கிருந்தும் வாசல் ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது. விண்டோஸை நிறுவும்போது அது அவ்வாசலில் முன்பிருந்த நிரலை அழித்துத் தனது நிரலை எழுதிவிடும். பக்கத்துப் பிரிவில் வேறொரு முறைமை உள்ளதா எனத் தேடிப் பார்ப்பதில்லை. லினக்ஸுடன் வழங்கப்படும் கிரப் என்னும் தொடக்கியோ மற்றைய முறைமைகளைத் தேடிப் பட்டியலிட்டுப் பயனரிடம் தெரிவைக் கேட்கும். ‘முதலில் விண்டோஸ், பின்னர் லினக்ஸ்’ என்று கைநூல்கள் கூறும் விதி இவ்வேறுபாட்டிலிருந்தே பிறந்தது. அது இயந்திரத்தின் இயல்பினால் விளைந்த விதியன்று. தன்னையன்றி வேறொன்று இருத்தலை ஏற்காத ஒன்றுக்கும் ஏற்கும் ஒன்றுக்கும் இடையிலான உறவு, காலப்போக்கிலே தொழில்நுட்ப விதியாக வேடம் புனைந்துகொண்டது.

இதனைத் தற்செயலான கவனக்குறைவு என எண்ணுவோர் பீ நிறுவனத்தின் வரலாற்றை நோக்குதல் நன்று. அப்பிள் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஜோன் லூயி கசே 1990இல் தொடங்கிய இந்நிறுவனம், பீஓஎஸ் என்னும் முறைமையை உருவாக்கி, 1998இல் இன்டெல் செயலியுள்ள கணினிகளுக்கும் அதனைக் கொண்டுவந்தது. விண்டோஸை அகற்றுமாறு அது எவரையும் கேட்கவில்லை. விண்டோஸுக்கு அருகிலே, தட்டின் மற்றொரு பிரிவிலே, தனக்கும் ஓரிடம் தருமாறு மாத்திரம் கணினி உற்பத்தியாளரைக் கேட்டது. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் இணங்கி, இரண்டும் நிறுவப்பட்ட கணினியை விற்பனைக்கு விட்டது. ஆயின் அதனை வாங்கியவர் ஆளியை அழுத்தியபோது விண்டோஸ் மாத்திரமே எழுந்தது. பீஓஎஸ் தட்டில் இருந்தது. ஆனால் அதனைத் தெரிவுசெய்தற்கான பட்டியல் தோன்றவில்லை. தனியான அறிவுறுத்தல்களைப் பின்பற்றியே அதனை எழுப்ப முடிந்தது.

காரணம், மைக்ரோசொப்ட் உற்பத்தியாளருடன் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே என்பது பீ நிறுவனத்தின் குற்றச்சாட்டு. கணினி எழும்போது வேறொரு தொடக்கியைக் காட்டினால் விண்டோஸ் உரிமத்தின் விதிகளை மீறியதாகும். அவ்வுரிமத்தை இழத்தல் அன்றைய சந்தையில் எந்த உற்பத்தியாளருக்கும் தற்கொலைக்கு ஒப்பானது. இவ்வொப்பந்தங்கள் இரகசியமானவை, ஆதலின் வாங்குபவர் தமது கணினி ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றது என அறிந்திருக்க வழியில்லை. காணியின் உறுதி ஒருவர் கையிலிருக்க, படலையின் திறப்பு இன்னொருவர் மடியிலிருந்தது எனலாம்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 2001இல் பீ நிறுவனத்தின் உடைமைகள் பாம் நிறுவனத்துக்கு 1 கோடியே 10 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டன. 2002 பெப்ரவரியில் பீ வழக்குத் தொடர்ந்தது. 2003 செப்டெம்பரில், தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாது, 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலரை மைக்ரோசொப்ட் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இடையில், அமெரிக்க அரசு 1998இல் தொடுத்த ஏகபோகத் தடை வழக்கின் இறுதித் தீர்ப்பாணை 2002 நவம்பரில் வெளியாயிற்று. விண்டோஸ் எழுதற்கு முன்பு வேறு முறைமையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பைப் பயனருக்கு வழங்கும் உற்பத்தியாளரைத் தடுக்கலாகாது என அவ்வாணை வெளிப்படையாகவே கூறிற்று. நீதி கிடைத்தது என்று இதனைக் கூறத் தயக்கமாகவுள்ளது. எந்த முறைமைக்கு அவ்வாய்ப்பு அவசரமாகத் தேவைப்பட்டதோ அது ஓராண்டுக்கு முன்பே சந்தையிலிருந்து மறைந்துவிட்டது.

வாசலின் வடிவமும் பின்னர் மாறியது. பழைய 512 பைட் ஏற்பாடு 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளுக்கு உதவாது. அதனிடத்தில் வந்த யூ.ஈ.எஃப்.ஐ. ஏற்பாட்டில், தொடக்கிகளுக்கென்று தட்டில் தனியானதொரு சிறு பிரிவு உண்டு. ஒவ்வொரு முறைமையும் அங்கே தனக்கெனத் தனிக்கோப்புறை வைத்துக்கொள்ளலாம். ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டிய தேவை இல்லாதொழிந்தது. இவ்வளவில் இது முன்னேற்றமே. ஆயினும் 2012இல் விண்டோஸ் 8 உடன் ‘செக்கியூர் பூட்’ என்னும் ஏற்பாடு பரவலாயிற்று. ஏற்கப்பட்ட கையொப்பமுள்ள தொடக்கியை மாத்திரமே கணினி இயங்கவிடும் என்பது அதன் சாரம். தீய நிரல்கள் முறைமைக்கு முன்பே புகுந்துகொள்வதைத் தடுத்தல் அதன் நோக்கம். அந்நோக்கம் நியாயமானது, அதனை ஏளனஞ் செய்தல் பொறுப்பற்ற செயலாகும். ஆனால் யாருடைய கையொப்பம் என்பதே வினா. நடைமுறையில் ஏறக்குறைய எல்லாத் தனியாள் கணினிகளிலும் பதிந்து வருவது மைக்ரோசொப்டின் சாவியே. எனவே உபுண்டு, பெடோரா முதலிய லினக்ஸ் வழங்கல்கள், ‘ஷிம்’ எனப்படும் சிறு தொடக்கியொன்றுக்கு மைக்ரோசொப்டின் கையொப்பத்தைப் பெற்றே கணினியுள் நுழைகின்றன. சாதாரணக் கணினிகளில் செக்கியூர் பூட்டை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என 2012இன் விதிகள் கூறின. விண்டோஸ் 10 வந்தபோது அவ்வசதியை அளிப்பது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

இதன் விளைவு 2024 ஓகஸ்டில் வெளிப்பட்டது. பழைய தொடக்கிகளிலிருந்த பாதுகாப்புக் குறையொன்றை அடைப்பதற்காக மைக்ரோசொப்ட் வெளியிட்ட இற்றைப்படுத்தல், இரு முறைமையுள்ள கணினிகளைத் தொடாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், அவற்றுட் பலவற்றில் லினக்ஸ் எழுவதைத் தடுத்துவிட்டது. தற்காலிக வழிகள் கூறப்பட்டன. ஆயினும் முழுமையான திருத்தம் 2025 மே மாதத்திலேயே வந்தது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பைப் பற்றியும் கூறவேண்டும். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் கூட்டுழைப்பின் பெருஞ் சாதனைகள். ஆயினும் இன்று கருநிரலுக்கு எழுதுவோரிற் பெரும்பாலோர் பெருநிறுவனங்களிற் சம்பளம் பெறுவோரே. அன்ட்ரொயிட் தொலைபேசிகள் லினக்ஸ் கருநிரலிலேயே இயங்குகின்றன. அவற்றுட் பலவற்றின் தொடக்கி பூட்டப்பட்டுள்ளது. விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதியை மைக்ரோசொப்டே வழங்குகின்றது. அது பலருக்குப் போதுமானதாகவும் உள்ளது. ஆனால் அங்கு லினக்ஸ் பங்காளியாக அன்றிக் குடியிருப்பாளனாகவே வாழ்கின்றது. நிரலின் மூலத்தை யாவரும் படிக்கலாம் என்பதனால் மாத்திரம் இயந்திரத்தின்மீதுள்ள அதிகாரம் பயனர் கைக்கு வந்துவிடுவதில்லை.

இனி, நடைமுறையில் இறங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். எழுதியவை யாவற்றையும் முதலில் வேறொரு தட்டிற் பிரதிசெய்தல் வேண்டும். இப்பொழுது பல கணினிகளில் பிட்லொக்கர் என்னும் மறையாக்கம் வாங்கியவர் அறியாமலே இயங்குகின்றது. அதன் மீட்புச் சாவியான 48 இலக்கங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாது தொடக்க ஏற்பாடுகளிற் கைவைப்பின், சொந்தக் கோப்புகளே பூட்டப்பட்டுவிடும். விண்டோஸின் பிரிவைச் சுருக்குவதை விண்டோஸினுள்ளிருந்தே செய்தல் நன்று. அதன் ‘விரைவுத் தொடக்க’ வசதியையும் நிறுத்திவிடல் வேண்டும். நிறுத்தாவிடின் விண்டோஸ் முழுமையாக அணையாது அரைத்துயிலில் இருக்கும், அந்நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பிரிவில் எழுதுதல் ஆபத்தானது. எஞ்சிய வேலையை பென்ட்ரைவிலுள்ள நிறுவுநிரலே செய்துவிடும்.

நிறுவி முடித்த பின்னர் பலர் திகைப்பது மணிக்கூட்டைக் கண்டுதான். தாய்ப்பலகையிலுள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கின்றது. உலகப் பொதுநேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்கின்றது. இதனால் இலங்கையில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிக் காணப்படும். லினக்ஸுக்கு ஒரேயொரு கட்டளையிட்டால் அது உள்ளூர் நேரத்துக்கு இணங்கிவிடும். விண்டோஸை இணங்கவைக்க அதன் பதிவேட்டைத் திருத்த வேண்டும். கைநூல்களிற் பல முதல் வழியையே பரிந்துரைக்கின்றன. நான் இரண்டாவதைச் செய்தேன். அதற்குப் பத்து நிமிடம் கூடச் செல்லவில்லை.