குக்கர் விசிலுக்குக் காது பொத்தும் பிள்ளை

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறானாம். காலர் லேபிள் உறுத்துகிறது என்று யூனிஃபார்மைக் கழற்றி எறிகிறான். ஸ்டேஷன் பக்கமும் மெட்ரோ வேலை நடக்கும் தெருவிலும் கால் வைக்க மறுக்கிறான். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்கிறார்கள் உறவினர்கள். இணையத்தில் விற்கும் எடை கூட்டிய போர்வையை வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

முதலில், இது அடம் இல்லை. சத்தம் காதைத் தாண்டி உள்ளே போன பிறகு மூளை செய்யும் ஒரு வேலையில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது: பழகிப்போதல்.

ஒண்டுக்குடித்தன வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பால்காரரை ‘யாருப்பா அது?’ என்று நிறுத்துவார். நாலாம் நாள் தலைகூட நிமிராது. அதே பால்காரர் நடுநிசியில் வந்தால் எழுந்து நிற்பார். ஒருநாள் வீட்டில் திருடு போய்விட்டால், அடுத்த ஒரு வாரம் பால்காரர், கேபிள்காரர், எதிர்வீட்டுப் பையன் எல்லோருக்கும் விசாரணைதான். நரம்புகளும் இதையே செய்கின்றன. ஏப்ளீசியா என்ற கடல் நத்தையை லேசாகத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளிழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லக் கண்டுகொள்ளாது; தொடு உணர்வு நரம்பு அடுத்த நரம்புக்கு விடும் வேதிப்பொருள் குறைந்துபோகிறது. வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுங்கள், பழைய பதற்றம் திரும்பிவிடும். இந்த நத்தையை வைத்து நினைவாற்றலை ஆராய்ந்த எரிக் கேண்டல் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

சில பிள்ளைகளின் பாட்டி நாற்பதாவது முறையும் ‘யாரது?’ என்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் ஷுலமைட் கிரீன் குழுவினர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சொரசொரப்பான கம்பளியால் கையைத் தேய்த்தார்கள். 2015இல் முடிவுகள் வெளியாயின. புலன் பதற்றம் கூடுதலாக உள்ளவர்களின் அமிக்டலா, அதாவது மூளையில் அபாயமணி அடிக்கும் பகுதி, எளிதில் அடங்கவில்லை. ஆட்டிசம் இருந்தும் பதற்றம் குறைந்த பிள்ளைகளிடமோ, மூளையின் முன்பகுதி அமிக்டலாவை அமர்த்துவதற்கான அடையாளம் தெரிந்தது. ‘நம்ம பால்காரர்தான், உட்காருங்க அத்தை’ என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாள்! (ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் இந்தப் பதற்றம் உண்டு.)

இப்படிப்பட்ட புலன் சிக்கல்களுக்குச் சிகிச்சை தரும் துறையின் வரலாற்றில் ஒரு பெயர் போதும்: ஜீன் ஏர்ஸ், அமெரிக்கர். ‘புலன் ஒருங்கிணைப்பு’ பற்றிய அவருடைய நூல் 1972இல் வந்தது. ஊஞ்சலும் பெரிய பந்துகளும் நிறைந்த சிகிச்சை அறைகளுக்கு மூலம் அவர்தான்.

அதன்மேல் எழும்பிய வியாபாரத்தை நான் நம்பவில்லை. எடைப் போர்வையை 67 பிள்ளைகளிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வில் (2014) தூக்கம் கூடவில்லை; ஆனால் போர்வை அவர்களுக்குப் பிடித்திருந்தது. 138 பிள்ளைகளை வைத்து அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில் (2022), ஏர்ஸ் வழிச் சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பிடித்தால் பிள்ளை கனமான ஜமக்காளத்தைப் போர்த்திக்கொள்ளட்டும். கடன் வாங்கிப் போர்வை வாங்காதீர்கள்.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லை. நம் கை செய்யப்போவதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, உணர்வைக் குறைத்துவிடுகிறது என்று லண்டன் ஆய்வு ஒன்று 1998இல் காட்டியது. அதே உத்தியைச் சத்தத்துக்கும் முயன்று பாருங்கள்: மிக்ஸி சுவிட்சை அவனையே போடச் சொல்லுங்கள். ‘இன்னும் ரெண்டு விசில்’ என்று எண்ணவையுங்கள். லேபிளைத் தையல் பிரித்து எடுத்துவிடுங்கள், துணுக்கு மிச்சமிருந்தால் அதுவும் குத்தும். மெட்ரோ வேலையில் துளைபோடும் இயந்திரத்தைக் கடக்கும்போது காதுமூடி போடலாம். நாள் முழுக்க வேண்டாம். காதை இரண்டு வாரம் அடைத்து வைத்திருந்த பெரியவர்களுக்கே பிறகு சத்தம் கூடுதலாகக் கேட்டது. சாப்பாடும் பள்ளியும் தடைபட்டால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். காதையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள். மணிச் சத்தத்துக்கு அவன் பயந்தால், ஒரு வாரம் அந்த மணியை அவன் கையாலேயே அடிக்க விடட்டும்.