நாவலில் செத்தவர் டிவியில் உயிரோடு இருக்கலாமா? அமானுஷ்யக் கதைகளைத் தொடராக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

ஒரு போலீஸ்காரரின் காருக்குள் பிணம் கிடக்கிறது. முகம் தெரியவில்லை. நகப்பூச்சு பூசிய கால் மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஹெச்பிஓ-வின் 'ட்ரூ பிளட்' தொடரின் முதல் சீசன் 2008-ல் இப்படித்தான் முடிந்தது.

நாவலைப் படித்தவர்கள் அது யார்னு உடனே முடிவு பண்ணியிருப்பாங்க. பார் ஒன்றில் சமையல்காரராக வேலை பார்க்கும் லஃபயெட். சார்லைன் ஹாரிஸ் எழுதிய இந்த வாம்பயர் நாவல் வரிசையின் இரண்டாவது புத்தகத் தொடக்கத்திலேயே அவர் கொலையாகி, போலீஸ்காரரின் காரில் கிடப்பார்.

ஆனால் 2009-ல் அடுத்த சீசன் தொடங்கியபோது, காரில் இருந்தது வேறொருவரின் உடல். லஃபயெட் சாகவில்லை. 2014-ல் ஏழாவது சீசனோடு தொடர் முடியும் வரை இருந்தார். இது நாவலுக்குச் செய்த துரோகமா? இல்லை, சரியான முடிவா?

நாவலை அப்படியே எடுத்தால் என்ன?

இதில் நடைமுறைச் சிக்கல்கள் இருக்கு. 13 நாவல்களின் கதையையும் சூக்கி என்ற பெண்தான் 'நான்' என்று சொல்கிறாள். அவள் பார்க்காத எதையும் வாசகர் பார்க்க முடியாது. அதையே அப்படியே எடுத்தால், ஒவ்வொரு காட்சியிலும் அதே நடிகை இருக்கணும். ஒரு மணி நேர எபிசோடுகளாக ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடருக்கு அது ஒத்து வராது. அதனால் துணைப் பாத்திரங்களுக்குத் தனிக் கதை தேவைப்படுது. நாவலில் இல்லவே இல்லாத ஜெசிகா என்ற இளம் வாம்பயர் தொடருக்குள் வந்தது அப்படித்தான்.

இன்னொன்று, தொடர் தொடங்கிய 2008-ல் நாவல் வரிசையே முடியவில்லை. கடைசிப் புத்தகம் 2013-ல்தான் வந்தது. முடிவு தெரியாத கதையை எப்படி அப்படியே எடுப்பது?

பாத்திரத்துக்கு வயசாகாது, நடிகருக்கு?

அமானுஷ்யக் கதைகளுக்கே உரிய சிக்கல் இது. ஆன் ரைஸ் 1976-ல் எழுதிய 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' நாவலில் கிளாடியா என்ற குழந்தை ஐந்து வயதில் வாம்பயர் ஆகிறாள். அதன் பிறகு அவள் உடல் வளராது. மனசு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பெரியவளின் ஆசையும் கோபமும் ஒரு சின்ன உடலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

இதை ஐந்து வயதுக் குழந்தையை வைத்து எப்படி எடுப்பது? அடுத்த சீசன் வருவதற்குள் குழந்தை வளர்ந்துவிடுமே! 2022-ல் ஏஎம்சி சேனலில் வந்த தொடரில் கிளாடியாவின் வயதை 14 ஆக்கினார்கள். ஆனால் வளராத உடலுக்குள் வளர்கிற மனசு என்ற அவளுடைய வேதனையை விடவில்லை.

நாயகன் லூயியின் மாற்றம் இன்னும் பெரியது. நாவலில் அவன் 1791-ன் லூசியானாவில், அடிமைகளை வைத்திருக்கும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. தொடரில் 1910-ன் நியூ ஆர்லியன்ஸில் விபசார விடுதி நடத்தும் கறுப்பின வியாபாரி. இங்கே சாகா வரமே கிடைத்தாலும், ஊர் அவனைச் சமமாக நடத்தவில்லை. தன்னை வாம்பயர் ஆக்கிய லெஸ்டாட்டின் பிடியிலிருந்தும் அவனால் விடுபட முடியவில்லை. காலமும் நிறமும் மாறின. குற்ற உணர்வோடும் ரத்தப் பசியோடும் வாழ்வது எப்படி என்ற நாவலின் கேள்வி மாறவே இல்லை.

அப்போ, எதைத் தொடக் கூடாது?

அந்த உலகத்தின் விதிகளை. சாதாரணக் குடும்பக் கதையில் ஒரு மனுஷனால் என்ன முடியும், என்ன முடியாதுனு நமக்கே தெரியும். அமானுஷ்யக் கதையில் அதை எழுத்தாளர் சொன்னால்தான் உண்டு.

'ட்ரூ பிளட்' கதையில், வீட்டுக்காரர் அழைக்காமல் வாம்பயர் வாசல்படி தாண்ட முடியாது. கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெற்றால் உடனே வெளியேறணும். சூக்கிக்கு மற்றவர்கள் மனதில் நினைப்பது காதில் விழும், ஆனால் வாம்பயர்கள் நினைப்பது மட்டும் விழாது. பில் என்ற வாம்பயரின் பக்கத்தில் அவளுக்கு நிம்மதி கிடைப்பதே அதனால்தான். இந்த விதிகளைத் தொடரும் எடுத்துக்கொண்டது.

ஒரு எபிசோடின் வசதிக்காக வாம்பயர் அழைப்பில்லாமல் உள்ளே வந்துவிட்டால்? அடுத்த முறை கதவு சாத்தப்படும்போது நமக்கு நிம்மதியும் வராது, பயமும் வராது. 90-களில் 'விடாது கருப்பு' பார்த்தவர்களுக்கு இது புரியும். குதிரையில் வருவது சாமியா, ஆளா என்ற சந்தேகம்தான் நம்மை டிவி முன்னால் உட்கார வைத்தது. அதைப் பாதியிலேயே உடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முடிவை மாற்றலாமா?

நாவலின் கடைசியில் சூக்கி, சாம் என்பவரோடு சேர்கிறாள். தொடரிலோ பில் கேட்டுக்கொண்டபடி அவனை அவளே கொல்கிறாள். முகம் காட்டப்படாத ஒருவரோடு குடும்பம் நடத்துகிறாள். சம்பவங்கள் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் அவள் போய்ச் சேர்வது வாம்பயர் அல்லாத ஒருவரிடம்தான். நாவலின் முடிவையே ஏற்காமல் கோபப்பட்ட வாசகர்களும் உண்டு. அதனால் நாவலை அச்சு அசலாகப் பின்பற்றினால் எல்லாருக்கும் பிடிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

உங்களுக்குப் பிடித்த நாவல் தொடராக வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்க. அந்த உலகத்தின் விதிகள் அப்படியே இருக்கா? மாய சக்திக்குக் கொடுக்கும் விலை அப்படியே இருக்கா? நாயகனோ நாயகியோ தேடுவது அதேதானா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால் மற்ற மாற்றங்களை மன்னிக்கலாம்.

லஃபயெட்டாக நடித்த நெல்சன் எல்லிஸ் 2017-ல் காலமானார். நாவலை வரிக்கு வரி பின்பற்றியிருந்தால், அந்தப் பாத்திரத்தில் அவருடைய நடிப்பு முதல் சீசனோடு முடிந்திருக்கும்.