மோதிரம் கழன்ற விரல்

1966. இங்கிலாந்தில் பிபிசி ஒளிபரப்பிவந்த 'டாக்டர் ஹூ' அறிவியல் தொடருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அதற்குள் 'டாக்டர்' என்ற நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை மோசமானது. ரத்தக்குழாய்கள் தடித்து இறுகும் நோய். வசனம் நினைவில் தங்கவில்லை. அவருடைய கடைசிக் கதையின் மூன்றாம் பகுதிக்கு வரவே முடியாமல் போனது. டாக்டர் மயங்கி விழுந்ததாகத் திருத்தி, அவர் பேச வேண்டியதை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

'இவருக்குப் பதில் இவர்' என்று அறிவித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். சாயலில் ஒத்த ஒருவரைத் தேடியிருக்கலாம். தயாரிப்பாளர் இன்னஸ் லாயிடும் கதை ஆசிரியர் ஜெரி டேவிஸும் இரண்டையும் செய்யவில்லை. டாக்டர் மனிதரே அல்ல, வேற்றுக்கிரகவாசி. தளர்ந்த உடல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று வைத்துவிட்டால்?

புது நாயகன் பேட்ரிக் டிரௌட்டன். முன்னவர் சிடுசிடுக்கும் தாத்தா. இவரோ தொளதொள கால்சட்டையும் கையில் ஊதுகுழலுமாக, விளையாட்டுப் பிள்ளைபோல் திரிபவர். ஹார்ட்னெலைப்போல நடிக்காமல் வேறொரு ஆளாகவே வரட்டும் என்றது பெரிய துணிச்சல். ஜாடை காட்டி நடித்திருந்தால் வாராவாரம் ஒப்பிட்டே அவரை ஒழித்திருப்பார்கள்.

அக்டோபர் 29 அன்று திரையில் முகம் மாறியது. அடுத்த வாரக் கதையில்தான் எழுத்தின் சாமர்த்தியம் தெரிகிறது. பார்வையாளருக்கு எழும் சந்தேகத்தை மூடி மறைக்காமல், கூடவே பயணிக்கும் பென் என்ற இளைஞனின் வாயில் வைத்தார்கள். பழைய டாக்டரின் மோதிரத்தை எடுத்து இவர் விரலில் போட்டுப் பார்க்கிறான் பென். அது கழன்று விழுகிறது. போதாக்குறைக்கு டாக்டரைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதரைப்போலப் பேசுகிறார் இந்தப் புதியவர். நம்பத் துடிக்கிறாள் தோழி பாலி, பென் மசியவில்லை. கடைசியில் அவரை அடையாளம் கண்டுகொள்வது பரம எதிரியான டாலெக்! நண்பனுக்குத் தெரியாதது பகைவனுக்குத் தெரிகிறது. எத்தனை அழகான யோசனை!

இந்த மாற்றத்துக்கு அன்று நிலையான பெயர்கூட இல்லை. 'ரீஜெனரேஷன்' என்ற சொல் 1974இல்தான் வந்தது. பன்னிரண்டு முறைதான் மாறலாம் என்று 1976இல் ஒரு கதை வரம்பு கட்டியது. 2013இல் அந்தக் கணக்கு தீர்ந்துபோக, டாக்டரின் சொந்த இனமே அவருக்குப் புதுச் சுற்று வழங்குவதாக எழுத வேண்டியிருந்தது. 2017இல் அந்த வேடம் ஜோடி விட்டேகர் என்ற பெண்ணிடம் வந்தது.

ஹார்ட்னெல் விடைபெற்ற அந்தக் கடைசிப் பகுதி இன்று பிபிசியின் காப்பகத்தில் இல்லை. முகம் மாறும் சில நொடிகள் தப்பின. 1973இல் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அந்தத் துண்டை மட்டும் எடுத்துக் காட்டியிருந்தார்கள்.